ஜி.எஸ்.டி. எண் இருந்தால் வீட்டுக்குக் கீழே குடோன் வைக்கலாமா?

மேற்கு டெல்லியிலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கொத்தனாருக்குக் கையாளாக டெல்லிக்கு வந்தவர், இப்போது ஷட்டரிங் (நம் ஊரில் சென்ட்ரிங்), வாட்டர்ப்ரூஃபிங், பெயின்டிங் வேலைகளைக் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறார். மனை மனையாகப் பிரித்த ஒரு பிளாட்டட் காலனியில், 9 மீட்டர் தெருவில், ஒரு வீட்டின் தரைத்தளத்தைக் குடோனாகவும் முதல் மாடியைக் குடியிருக்கவும் வாடகைக்கு எடுத்து ஏழு ஆண்டு ஆகிறது. கீழே ஷட்டரிங் பிளேட், ஜாக்கி, சாரம் கட்டும் பைப், பிளைவுட், சிமெண்ட் மூட்டை, கெமிக்கல் டப்பா, பெயின்ட், தின்னர். பின்பக்கத் திறந்தவெளியில் மணல். ஊர்ப்பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் இரவில் குடோனுக்குள்ளேயே படுத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் குடியிருப்போர் சங்கமான ஆர்.டபிள்யூ.ஏ.காரர்கள் புகார் கொடுத்து, டெல்லி மாநகராட்சியான எம்.சி.டி.யிலிருந்து ஜே.இ., அதாவது இளநிலைப் பொறியாளர், வந்து படம் எடுத்து, ஹிந்தியில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். இப்போது ஷோ-காஸ் நோட்டீஸ் வந்திருக்கிறது. குடியிருப்பு இடத்தில் கிடங்கு நடத்துகிறீர்கள், ஏன் சீல் வைக்கக் கூடாது என்று மண்டல அலுவலகத்துக்கு வந்து விளக்கம் சொல்லுங்கள் என்கிறது. வாசகர் கேட்பது இதுதான்: ஜி.எஸ்.டி. இருக்கிறது, கமர்ஷியல் மீட்டர் இருக்கிறது, வீட்டு வரியும் கமர்ஷியலாகத்தான் கட்டுகிறோம், இதெல்லாம் அனுமதி இல்லையா? தெரு முழுக்கக் கடை இருக்கும்போது நான் மதராஸி என்பதால்தானே என்னைப் பிடிக்கிறார்கள்? 2026 வரை யாரையும் சீல் வைக்க முடியாது என்று ஒரு புரோக்கர் சொல்லி, "மேலே" கொடுக்கப் பணமும் கேட்கிறார், கொடுக்கலாமா? வீட்டுக்காரர் அட்வான்ஸைத் தர மாட்டேன் என்கிறார், என்ன செய்வது? கடைசியில் ஒரு வரி: "பி.இ. சிவில் முடித்த என் மகள்தான் எஸ்டிமேட்டும் டிராயிங்கும் பார்க்கிறாள், எல்லாம் இந்த வீட்டிலிருந்துதான் நடக்கிறது, இதை மூடினால் எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை."

ஐயா, உங்கள் நான்கு கேள்விக்கும் போவதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தின்னரையும் பெயின்ட் டப்பாக்களையும் இன்றைக்கே அந்த வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். பையன்கள் இரண்டு பேரையும் இன்று இரவே வேறு இடத்தில் படுக்க வையுங்கள். 2019 டிசம்பர் 8 விடியற்காலை டெல்லி அனாஜ் மண்டியில், குடியிருப்புகள் நெருக்கிய சந்தில் இருந்த ஒரு கட்டடத்தில் தீப்பிடித்து 43 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வேலை செய்த இடத்திலேயே படுத்துத் தூங்கிய தொழிலாளிகள். உங்கள் குடோனில் ஷட்டரை உள்ளே இழுத்துவிட்டுத் தூங்குகிற பையன்கள், மேலே நீங்களும் உங்கள் மனைவியும் மகளும், நடுவில் ஒரே ஒரு படிக்கட்டு. ஷட்டருக்குப் பக்கத்தில்தான் தின்னர் டப்பா அடுக்கியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நோட்டீஸே வராமல் இருந்திருந்தாலும் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

கையில் இருக்கிற காகிதங்கள் எதற்கு, எதற்கு இல்லை

டெல்லியில் கான்ட்ராக்ட் தொழில் செய்கிற பல பேருக்கு இருக்கிற எண்ணம்தான் உங்களுக்கும்: அரசாங்கம் என்னிடம் பணம் வாங்குகிறது, அப்படியென்றால் என்னை ஏற்றுக்கொண்டுவிட்டது. நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஜி.எஸ்.டி. என்பது வியாபாரத்துக்கு வரி. மீட்டர் என்பது நீங்கள் எரிக்கிற மின்சாரத்துக்குக் கட்டணம். வீட்டு வரியை, இடம் உண்மையில் எப்படிப் பயன்படுகிறதோ அதைப் பார்த்துப் போடுகிறார்கள். அந்த மண்ணில் எந்தத் தொழில் நடக்கலாம் என்று இவற்றில் ஒன்றுகூடச் சொல்வதில்லை. அதைச் சொல்வது 2007 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட டெல்லி மாஸ்டர் பிளான் 2021.

அதன் பதினைந்தாம் அத்தியாயம் மிக்ஸ்டு யூஸ் பற்றியது, அதாவது குடியிருப்புப் பகுதிக்குள் எந்த வியாபாரத்தை எங்கே விடலாம் என்பது. சில தெருக்களை மிக்ஸ்டு யூஸ் தெரு என்று அறிவித்து, தரைத்தளத்தில் கடை வைக்க இடம் கொடுக்கிறது. சாதாரண பிளாட்டட் காலனியாக இருந்து, காலனிகளை எம்.சி.டி. பிரித்திருக்கிற ஈ, எஃப், ஜி வகைகளில் வந்தால் தெரு 13.5 மீட்டராவது அகலம் இருக்க வேண்டும். உங்கள் தெரு 9 மீட்டர். சரி, அகலத்தை விடுங்கள், அறிவிக்கப்பட்ட தெருவாகவே இருந்தாலும் கூடவே கூடாது என்று அதே அத்தியாயத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. மரம், மார்பிள் மாதிரியான கட்டுமானப் பொருள் கடை, இரும்பு, மணல், விறகு, நிலக்கரி, வண்டி ரிப்பேர், பழைய இரும்புக் கடை, மதுக்கடை, அப்புறம் ஸ்டோரேஜ், குடோன், வேர்ஹவுஸ். உங்கள் தரைத்தளத்தில் இருக்கிற பொருளில் முக்கால்வாசி இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுகிறது. கன்வர்ஷன் சார்ஜ் என்கிற பயன்பாட்டு மாற்றக் கட்டணத்தைக் கட்டிச் சரிசெய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தக் கட்டணம் அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டுக்குத்தான், குடோனுக்கு அந்தக் கதவே கிடையாது.

இன்னொன்று, இதில் கவனமாக இருங்கள். விசாரணைக்கு ஜி.எஸ்.டி. சான்றிதழைத்தான் முதல் ஆதாரமாக எடுத்துப்போகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் இந்த முகவரிக்கு எதிரே வேர்ஹவுஸ் என்று குறித்திருக்கிறதா, பாருங்கள். குறித்திருந்தால், இங்கே கிடங்கு நடக்கிறது என்று நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். மறைக்கச் சொல்லவில்லை. அது உங்களைக் காப்பாற்றும் என்று நினைத்து நீட்டாதீர்கள் என்கிறேன்.

தெருவில் எல்லாரும்தானே செய்கிறார்கள்?

மூலையில் பூட்டிக், அடுத்து கோச்சிங் சென்டர், எதிரில் மாவு மில், நடுவில் உங்களுக்கு மட்டும் நோட்டீஸ். வலிக்கத்தான் செய்யும். "மதராஸி" என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொன்னவர் கேவலமாகத்தான் நடந்திருக்கிறார், நீங்கள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விசாரணையில் அதைத் தற்காப்பாக வைத்தால் நிற்காது. அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவு சட்டத்தின் முன் சமத்துவம் தருகிறது. அடுத்தவன் மீறினான், என்னையும் மீற விடு என்று கேட்கிற உரிமையை அது தருவதில்லை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. நீங்கள் பூட்டிக்காரியைக் காட்டினால் அவருக்கும் ஒரு நோட்டீஸ் போகும், உங்கள் நோட்டீஸ் அப்படியே இருக்கும். தெருவில் மிச்சமிருக்கிற ஒன்றிரண்டு நல்ல முகங்களும் போய்விடும்.

புகார் கொடுத்தவர்கள் பக்கம் நின்றும் கொஞ்சம் பாருங்கள். பெரிய லாரிகளுக்குப் பகலில் நகரத்துக்குள் தடை, அதனால் உங்கள் சரக்கு ராத்திரிதான் வந்து இறங்கும். ஷட்டரிங் பிளேட்டை லாரியிலிருந்து இறக்கும்போது வருகிற சத்தம் எனக்குத் தெரியும், ஒன்றன்மேல் ஒன்று விழும்போது அடுத்த தெருவில் தூங்குகிற குழந்தையும் எழுந்துவிடும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல்தான் வரம்பு. குளிர்காலத்தில் இது இன்னும் மோசமாகும். காற்று மாசுக்கான கிராப் கட்டுப்பாடு மூன்றாம் நிலைக்குப் போனால் பெரும்பாலான கட்டுமான வேலை நிற்கும், சைட்டில் கிடக்கிற பொருளெல்லாம் குடோனுக்குத் திரும்பும், மூச்சு முட்டுகிற அந்த மாதங்களில்தான் உங்கள் பின்பக்க மணல்மேடு உயரும். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஆஸ்துமா என்று நீங்களே சொல்கிறீர்கள். விசாரணை முடிவதற்காகக் காத்திருக்காமல் மணலை முதலில் எடுத்துவிட்டு, அவர் வீட்டுக்கு நேரில் போய் எடுத்துவிட்டேன் என்று சொல்லுங்கள். இன்னும் பல வருடம் அதே தெருவில்தான் குடியிருக்கப் போகிறீர்கள்.

2026 வரை தொட முடியாது என்ற கதை

புரோக்கர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. டெல்லி சிறப்பு விதிகள் சட்டம் என்று 2011-இல் வந்த ஒரு சட்டத்தை நீட்டித்துக்கொண்டே வந்து, கடைசியாக 2023 டிசம்பரில், 2026 டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். ஆனால் அது காப்பது குடிசைப் பகுதிகள், தெரு வியாபாரிகள், அங்கீகாரமில்லாத காலனிகள், கிராம ஆபாதி (கிராமத்துக் குடியிருப்புப் பகுதி) மாதிரியான சில இனங்களை. அதில் குடோன் என்ற சொல்லும் வருகிறது, புரோக்கர் காட்டுவதும் அதைத்தான். முழு வரியைப் படித்தால், கிராமப்புறத்தில் விவசாய நிலத்தில் கட்டிய, விவசாய இடுபொருளோ விளைபொருளோ வைக்கிற குடோன் என்று இருக்கும். திட்டமிட்ட காலனியில் ஷட்டரிங் பிளேட் வைக்கிற தரைத்தளம் அதில் எங்கேயும் வராது.

எம்.சி.டி.க்கு இதில் அதிகாரமே இல்லை என்றும் அவர் சொல்லியிருப்பார். குடியிருப்பு இடத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் மாநகராட்சி ஆணையர் சீல் வைக்கலாம் என்று 2006 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வருடம் டெல்லியில் நடந்த சீலிங்கை இங்கே இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பணம்? கொடுக்காதீர்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் காவல்துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நீங்களும் மாட்டுவீர்கள். சட்டத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும், இது நாளைக்கு நின்றுபோகிற பிரச்சினை இல்லை. இன்று கோப்பை மூடச் சொல்லிக் கொடுக்கிற பணத்தை, புகார் அடுத்த முறை வரும்போது மறுபடி கொடுக்க வேண்டிவரும், குடோன் மட்டும் பழையபடி சட்டத்துக்கு வெளியிலேயே இருக்கும்.

விசாரணைக்கு எப்படிப் போவது

இந்த வழக்கில் குடோனை அங்கேயே வைத்துக்கொள்ளப் போராடினால் தோற்பீர்கள் என்பது என் கருத்து. அதனால் கேட்க வேண்டியது கால அவகாசம். சீல் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பிளேட்டும் பைப்பும் உள்ளே மாட்டிக்கொள்ளும், அவற்றை எடுப்பதற்கே தனியாக மனுப் போட்டு, தற்காலிகமாகச் சீலை நீக்கச் சொல்லிக் காத்திருக்க வேண்டும், அதுவரை சைட்டில் வேலை நிற்கும், கட்டட உரிமையாளர் உங்கள் பில்லில் கழிப்பார். கோபத்தில் சீலைத் தொட்டுவிட்டால் அது தனிக் குற்ற வழக்கு.

பதிலை எழுத்தில் கொடுங்கள், ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ. நோட்டீஸ் எண், தேதி, இதுவரை எதை எடுத்துவிட்டீர்கள், அதற்குத் தேதியோடு படங்கள், மிச்சத்தை எடுக்க 45 நாளோ 60 நாளோ அவகாசம், புதிய இடத்துக்கு முன்பணம் கட்டியிருந்தால் அதன் நகல். இவ்வளவு போதும். ஏழு வருடக் கதையையும் வரவு செலவையும் அதில் எழுத வேண்டாம். நகலில் முத்திரையும் டைரி எண்ணும் வாங்காமல் அலுவலகத்தைவிட்டு நகராதீர்கள். ஜே.இ. கையெழுத்து வாங்கிய அந்த ஹிந்தித் தாள் என்ன என்பது முக்கியம். ஆய்வுக் குறிப்பாகவும் இருக்கலாம், உடனே காலி செய்கிறேன் என்ற ஒப்புதலாகவும் இருக்கலாம். அதன் நகலை இதே பதிலில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாள் ஆகும், அதற்குள் விசாரணை முடிந்துவிடும். ஹிந்தி படிக்க வராது என்றால் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், புரியாத தாளில் இனிமேல் கையெழுத்துப் போட வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் சீல் வைக்க உத்தரவு வந்தால் சிவில் கோர்ட்டுக்கு ஓடாதீர்கள், அந்த வழியை டெல்லி மாநகராட்சிச் சட்டமே அடைத்துவிட்டது. 347-பி பிரிவின்படி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது, மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர் விசாரிப்பார். உத்தரவு கைக்கு வந்த அன்றைக்கே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இப்போது மகள் விஷயம். இதில் உங்களுக்கு உண்மையாகவே ஒரு வழி இருக்கிறது, உங்கள் கடிதத்தில் நீங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. டாக்டர், வக்கீல், ஆர்க்கிடெக்ட் மாதிரியே இன்ஜினியரும் தான் குடியிருக்கிற வீட்டின் ஒரு பகுதியில் தொழில் அலுவலகம் வைத்துக்கொள்ள மாஸ்டர் பிளான் இடம் கொடுக்கிறது, அதற்கு மிக்ஸ்டு யூஸ் தெரு தேவையில்லை. உங்கள் மகள் பி.இ. சிவில், அந்த வீட்டிலேயே குடியிருக்கிறார். அவர் பேரில் டிராயிங், எஸ்டிமேட், கணக்கு எல்லாம் முதல் மாடியில் ஒரு அறையில் நடக்கலாம். கான்ட்ராக்டர் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை என்பதால் உங்கள் பேரில் கேட்காதீர்கள். அந்த அறைக்குள் ஒரு சிமெண்ட் மூட்டைகூட வரக் கூடாது, காலையில் கூலி ஆட்கள் வந்து வாசலில் கூடுகிற பழக்கமும் நிற்க வேண்டும். குடோன் வேறு, அலுவலகம் வேறு என்று பிரித்து, பதிலிலேயே இதையும் ஒரு பத்தியாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த குடோனைத் தேடும்போது

லால் டோராவுக்குள், அதாவது பழைய கிராமத்துக் குடியிருப்பு எல்லைக்குள், எந்தச் சட்டமும் கிடையாது, அலிப்பூர் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்று உங்கள் நண்பர் சொல்கிறாராம். லால் டோராவுக்கும் மாஸ்டர் பிளான் உண்டு, தீயணைப்பு விதிகளும் உண்டு. அதைவிட, அந்தப் பக்கக் குடோன்களில் நிறைய லால் டோராவுக்கு வெளியே விவசாய நிலத்தில் நிற்கின்றன. விவசாய நிலத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் 1954-ஆம் ஆண்டு டெல்லி நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 81-ஆவது பிரிவில் நடவடிக்கை வரும். அங்கே போனால் இதே நோட்டீஸை வேறு அலுவலகத்திலிருந்து வாங்குவீர்கள். கீர்த்தி நகரில் வேர்ஹவுசிங் திட்டம் என்றே ஒன்று இருக்கிறது, தொழிற்பேட்டைகளிலும் இடம் கிடைக்கும். வாடகை கூடத்தான். இரண்டு மூன்று கான்ட்ராக்டர்கள் சேர்ந்து ஒரு இடத்தை எடுத்துத் தடுத்துக்கொண்டால் தாங்கும். எதையும் எடுப்பதற்கு முன்னால், அந்த இடம் எதற்காக ஒதுக்கப்பட்டது என்ற காகிதத்தை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். மாறிய பிறகு 15 நாளுக்குள் ஜி.எஸ்.டி.யில் முகவரியைத் திருத்திவிடுங்கள்.

இவ்வளவு சரக்கை நீங்கள் சொந்தமாக வைத்திருக்கத்தான் வேண்டுமா என்றும் ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளேட்டும் ஜாக்கியும் தினவாடகைக்கு சைட்டுக்கே வந்து இறங்கும். புதிய ஒப்பந்தங்களில், பொருள் வைக்க சைட்டில் பூட்டுப் போட்ட இடம் உரிமையாளர் தர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். குடோன் பாதியாகக் குறையும்.

அட்வான்ஸ் விஷயத்தில் வீட்டுக்காரர் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறார். ஒப்பந்தத்தில் குடியிருப்புக்கு என்று எழுதியிருப்பது உங்களுக்குப் பலவீனம்தான். ஆனால் மாநகராட்சிச் சட்டத்தின் 417-ஆவது பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் இடத்தைப் பயன்படுத்துபவரோடு பயன்படுத்த விடுபவரையும் சேர்த்தே பிடிக்கிறது, நோட்டீஸின் ஒரு நகல் அவருக்கும் போயிருக்கும். ஏழு வருடமாக மாதாமாதம் "குடோன் ரென்ட்" என்று குறிப்பெழுதி அவருக்கு யு.பி.ஐ.யில் அனுப்பியிருக்கிறீர்கள், அந்தப் பட்டியலை வங்கியிலிருந்து எடுத்து வையுங்கள். முதல் மாடியில் தொடர்ந்து குடியிருக்கப் போவதால் சண்டையாக ஆரம்பிக்க வேண்டாம். தரைத்தளத்தைக் காலி செய்து, வெள்ளையடித்து, சாவியைக் கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். பத்துப் பதினைந்து நாளில் பணம் வரவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். முதல் மாடிக்கு மட்டும் தனியாக ஒரு புதிய ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். அதில் மகளின் அலுவலக அறை பற்றி ஒரு வரி இருக்கட்டும்.